கிருமி மிஸ் வளர்த்த கைகள்

விழுப்புரம் மாவட்டத்தில் எனக்கு எத்தனையோ பேரைத் தெரியும். ஆனால் என்னைப் பார்த்ததும், என்னை விட்டுவிட்டு, என் மேல் குடியிருக்கும் மற்ற எல்லோரையும் நலம் விசாரித்த ஒரே ஆள் கிருமி மிஸ்தான்.

திண்டிவனத்தில், வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் மூன்று வருடம் குப்பை கொட்டினேன். எதிர்க்கட்டில் அவருடையது. பக்கத்து ஊர்த் தனியார் கல்லூரி ஒன்றில் நுண்ணுயிரியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. உண்மைப் பெயர் வார்டனின் ரிஜிஸ்டருக்கு மட்டுமே தெரியும். முதல் நாள் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வணக்கம் சொன்னேன். பதிலுக்கு ஒரு பஞ்சுக் குச்சி வந்தது.

"உங்க போனைக் குடுங்க. தொடச்சிட்டுத் தர்றேன்."

என்ன தங்கமான குணம் என்று கொடுத்தேன். அவர் துடைத்தது போனைச் சுத்தம் செய்ய இல்லை, அதில் இருப்பதைக் குச்சியில் அள்ள என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. மூடி போட்ட தட்டு ஒன்றை என் மூக்குக்கு நேரே நீட்டினார். உள்ளே மஞ்சளும் ஆரஞ்சுமாக ஒரு செம்பருத்திப் பூ.

"உங்க போன்ல இருந்தவங்கதான். இந்த மஞ்சள் கலரு எல்லாருக்கும் அமையாதுங்க. உங்களுக்கு அமைஞ்சிருக்குது."

அன்று அம்மாவிடம் ஸ்பீக்கரில் பேசினேன். போன் ஜன்னலில் இருந்தது, நான் வாசற்படியில் இருந்தேன்.

அவர் படம் போடும் முறை இதுதான். கடல்பாசியைக் காய்ச்சித் தட்டில் ஊற்றி உறைய வைப்பார். கிருமி கலந்த தண்ணீரைத் தொட்டு அதன்மேல் வரைவார். வரையும்போது ஒன்றும் தெரியாது, வெறும் தட்டுதான். கதகதப்பான இடத்தில் இரண்டு நாள் வைத்தால் தொட்ட இடமெல்லாம் முளைத்துப் படமாகிவிடும். என்ன படம் என்று முன்கூட்டிக் கேட்டால், "மொளைச்சா தெரியும்" என்பார். இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தும், ஒருநாள் பெரிய மோசம் போனேன்.

நோன்பு மாதம். எங்களோடு தங்கியிருந்த ஷாகிரா, வீட்டிலிருந்து கடல்பாசி இனிப்பு கொண்டுவந்திருந்தாள். "ஃபிரிட்ஜ்ல இருக்குதுக்கா, எடுத்துச் சாப்பிடுங்க" என்றாள். திறந்தேன். கண்ணாடிபோல் ஒரு தட்டு இருந்தது. இரண்டு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டு, சர்க்கரை போட மறந்துவிட்டாளே என்று மூன்றாவதை எடுக்கும்போது கிருமி மிஸ் வந்து நின்றார்.

"ஐயோ, மயிலு."

"எந்த மயிலு?"

"மயிலம் கோயில் மயிலுங்க. நேத்துதான் வரைஞ்சேன், காலேஜுக்கு எடுத்துட்டுப் போற வரைக்கும் மொளைக்கக் கூடாதுன்னு ஃபிரிட்ஜ்ல வச்சேன். வால் பக்கம் சாப்ட்டீங்களா, கழுத்துப் பக்கமா?"

முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கே வண்டி வைக்கச் சொல்லி அழுதேன்.

"இன்னாத்துக்குங்க இவ்ளோ பேஜாரு? வாலு கேப்பைக் கூழுல எடுத்தது. கழுத்து இட்லி மாவுல எடுத்தது. மாவு கலக்கற கையில எல்லாம் இதுங்கதான் இருக்கும். தெனமும் சாப்புடறதுதான்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "தோகை மொளைச்சா மட்டும் சொல்லுங்க. போட்டோ எடுத்துக்கறேன்."

அதோடு விடுதி ஃபிரிட்ஜில் அவர் தட்டுகளுக்குத் தடை வந்தது. அவர் அசரவில்லை. ஊரே எனக்குத் தோட்டம் என்று கிளம்பிவிட்டார். ஒருநாள் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் எழுந்து கம்பியைப் பஞ்சால் தேய்க்கத் தொடங்கினார்.

"இன்னாம்மா பண்ணிக்கினு இருக்க?" என்றார் கண்டக்டர்.

"பூப் பறிக்கறேன்ணா" என்று சொல்லி, பழைய தட்டு ஒன்றின் படத்தை போனில் காட்டினார். அதற்குப் பிறகு திண்டிவனம் வரைக்கும் கம்பியைத் தொடாமல், இரண்டு கையையும் விரித்துக்கொண்டே டிக்கெட் போட்ட கண்டக்டரை நான் அன்றுதான் பார்த்தேன்.

இப்படிச் சிரிப்பும் அதிர்ச்சியுமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் விடுதியில் ஒருவர் மாற்றி ஒருவருக்கு வயிறு கெட்டது. பன்னிரண்டு பேரில் ஏழு பேர் படுத்துவிட்டோம். வார்டன் மேடம் ஒரே நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: சமையல் அஞ்சலையக்காவின் கைதான் காரணம், ஞாயிற்றுக்கிழமையோடு கணக்கை முடித்து அனுப்பிவிட வேண்டும்.

அஞ்சலையக்காவுக்கு மரக்காணம் பக்கம் ஒரு கடலோரக் குப்பம். கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. மாடிப்படிக்குக் கீழே இருந்த ஓர் அறையில் மகளோடு இருந்தார். அந்தப் பெண்ணுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. வேலை போனால் அன்றைக்கே அந்த அறையும் போகும். "பரிச்சை முடியற வரைக்குமாவது இருக்கறேம்மா" என்று அவர் கேட்டதை நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

"கை இல்ல மேடம், தண்ணி" என்றார் கிருமி மிஸ். சொன்னதோடு விடவில்லை. குழாயில் வந்த தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து, போன் கேமராவில் ஒரு குட்டி லென்ஸை ஒட்டி, அதைக் கூடத்து டிவியோடு இணைத்துவிட்டார். சீரியல் பார்க்க உட்கார்ந்திருந்த பெண்கள் முன்னால், கதாநாயகியின் இடத்தில் வழவழவென்று ஒன்று நீந்திப் போனது. அதற்கு மீசை இருந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று அதைத் துரத்திக்கொண்டு வந்தது. ஷாகிரா சோபாமேல் ஏறி நின்றுவிட்டாள். நான் காலையில் குடித்த இரண்டு டம்ளரை நினைத்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

வார்டன் டிவியை அணைத்தார். "டேங்க் போன தீபாவளிக்குதான் கழுவுனது. வேற வேலை இருந்தா பாருங்க. கோளாறு கையிலதான்."

"சரிங்க மேடம். அப்ப எல்லார் கையும் பார்த்துடலாம். அழுக்குக் கை எதுன்னு நீங்களே எடுத்துக் காட்டுங்க."

வார்டன் ஒப்புக்கொண்டது எங்களுக்கே ஆச்சரியம். பன்னிரண்டு பேர், அஞ்சலையக்கா, வார்டன் என்று பதினான்கு பேரும் ஆளுக்கொரு பெரிய தட்டில் கையை அழுத்தினோம். தட்டுகள் கல்லூரிக்குப் போயின. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசைக்கு வந்தன.

அன்று கண்டதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஒவ்வொரு தட்டிலும் ஐந்து விரல், உள்ளங்கை, ரேகை, எல்லாமே புள்ளிப் புள்ளியாக உயிரோடு எழுந்து நின்றன. கையை யாருக்கும் தெரியாமல் சுடிதாரில் துடைத்துக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. நடுவில் இருந்த தட்டுதான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. மல்லிகைப் பந்தலே கவிழ்ந்த மாதிரி ஒரு வெள்ளைக் கை.

"இதோ" என்று வார்டன் அதன்மேல் விரலை வைத்தார். "இதைவிட அசிங்கம் உண்டா? அஞ்சலை, உன் கைதானே இது?"

கிருமி மிஸ் நிதானமாகத் தட்டைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த பெயரைக் காட்டினார்.

"அது என் கைங்க மேடம்."

நாங்கள் குனிந்து பார்த்தோம். அந்த வெள்ளைக் கையில் ஆள்காட்டி விரலுக்கு நுனி இல்லை. மீன் ஆயும்போது அரிவாள்மணையில் அஞ்சலையக்கா பறிகொடுத்த நுனி அது. தினமும் அந்தக் கையால் தோசை வாங்கிச் சாப்பிட்டவர்கள் நாங்கள், எங்களுக்குத் தெரியாதா? கிருமி மிஸ்ஸுக்குப் பத்து விரலும் முழுசாக இருந்தன. வார்டனுக்கு மட்டும் சாப்பாடு கேரியரில் மாடிக்குப் போகும். அதைச் சமைத்த கையை அவர் ஒருநாளும் கவனித்துப் பார்த்ததில்லை; தட்டில் அந்த நுனி முளைக்கவில்லை என்றுதான் நினைத்திருப்பார்.

அது அழுக்கில்லை, தினமும் கலக்கும் இட்லி மாவு என்று எனக்குப் புரிந்தது. வார்டனுக்கு அதை யார் புரியவைப்பது? அஞ்சலையக்கா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை.

"அப்ப நீங்கதான் எல்லாருக்கும் சீக்கு பரப்பி இருக்கீங்க. இன்னிக்கே ரூமை காலி பண்ணுங்க."

"போறேங்க மேடம். போறதுக்கு முன்ன டேங்க் மூடியை ஒரு தரம் தொறந்து காட்டுங்க."

திறந்தார்கள். உடைந்த மூடிக்குக் கீழே ஒரு மைனா செத்து மிதந்தது. எத்தனை நாளாக என்று நான் இன்றுவரை கணக்குப் போடவில்லை. வார்டன் முகம் வெளுத்துப் போனதே தவிர, சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கவில்லை. அஞ்சலையக்கா வேலையில் நீடித்தார், மகள் பரீட்சை எழுதி முடித்தாள். கிருமி மிஸ் விழுப்புரத்தில் வீடு பார்த்துக்கொண்டு, தினமும் பஸ்ஸில் கல்லூரிக்கு வந்து போனார்.

அன்று பேசாமல் இருந்ததுதான் சரி. இருந்தாலும் அவர் ஒற்றைப் பையோடு படியிறங்கியபோது, ஓடிப்போய் அந்தப் பையையாவது நான் வாங்கியிருக்கலாம்.

போன மாதம் விழுப்புரத்தில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்துச் சுவரில் அந்த வெள்ளைக் கையின் போட்டோவைக் கதவளவுக்குப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார். நாலரை விரல்.

"இது யார் கைங்க மிஸ்?" என்றேன், இப்போதாவது சொல்வார் என்று.

"என் கைதாங்க" என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். டீ கொண்டுவந்து வைத்தார்.

டம்ளரைக் கழுவினாரா, எந்தத் தண்ணீர் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.