மஞ்சள் கவுன் போன வழி

இந்த வீட்டில் ஒரே ஒரு விஷயத்திலாவது என் பேச்சு எடுபட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். எங்கள் பொண்ணின் துணிகளை வெட்டக் கூடாது.

பொண்ணு போன வருஷம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். ஐந்து வயசு. அதற்குப் பிறகு என் மனைவி தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அவள் இருந்த குழந்தைகள் வார்டில் போர்வை பத்தாதாம். பழைய துணியைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒட்டுப்போட்டு, அடியில் கெட்டித் துணி கொடுத்துப் போர்வையாக்கி அனுப்பிக்கொண்டிருந்தாள். முதலில் அவள் புடவைகள் போயின. பிறகு ஜன்னல் திரை. பிறகு என் சட்டைகள். ஆபீசில் மேனேஜரே, "வேற சட்டை இல்லையா?" என்று கேட்டுவிட்டார். மானம் கப்பலேறியது. அதையும் பொறுத்துக்கொண்டேன்.

ஒருநாள் பொண்ணின் துணிகள் இருந்த பீரோ கீழ்த்தட்டைப் பார்த்தாள்.

"அது சும்மாதானே கிடக்கு?"

"கிடக்கட்டும்."

"பூச்சி அரிக்கும்ங்க."

"அரிச்சா அரிக்கட்டும். அதுல கை வெச்சே, நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

"இப்ப மட்டும்..." என்று ஆரம்பித்தவள், "சரி, விடுங்க" என்றாள்.

அவள் 'சரி' என்றால் நான் தொலைந்தேன் என்று அர்த்தம். கல்யாணமான நாளாய்ப் பார்க்கிறேன். அதனால் அவள் கடைக்குப் போன நேரத்தில் அத்தனை துணியையும் என் தலையணை உறைக்குள் திணித்து, வாயைக் கோணல்மாணலாகத் தைத்தும்விட்டேன். கவுன் பித்தான்கள் காதில் குத்தின. கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. போகட்டும். அழுவதற்கு ஓர் இடம் கிடைத்ததே.

தைத்து முடித்த போர்வையில் குண்டூசி தங்கியிருக்கிறதா என்று காந்தம் வைத்துத் தடவுவது வீட்டில் என் வேலை.

"அடித்துணிப் பக்கம் மட்டும் பாருங்க. ஊசி அங்கதான் நிக்கும்" என்று கவிழ்த்தே விரித்துப் போட்டாள். நானும் சமர்த்தாகத் தடவினேன்.

கொஞ்ச நாளில் கழுத்து வலி தானாகப் போய்விட்டது. பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"எனக்குக் கை வலிக்குது. மூட்டையை வார்டு வாசல் வரைக்கும் தூக்கிட்டு வாங்க. உள்ள வர வேணாம்" என்றாள் நேற்று.

வாசலில் நர்ஸ் மூட்டையை வாங்கிக்கொண்டு போனார். ஜன்னலோரக் கட்டிலில் மொட்டைத் தலையோடு ஒரு பாப்பா தூங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு போர்வையை விரித்தார். நடுச் சதுரத்தில் மஞ்சள் துணி. அதில் ஒற்றைக் கண் வாத்து. இன்னொரு கண்ணைப் பிய்த்தது என் பொண்ணு.

"அப்போ என் தலையணையில..."

"உங்க பழைய பனியன். ஒண்ணை எடுக்க எடுக்க ஒண்ணை வெச்சேன்."

"தையல் பிரியவே இல்லையே?"

"உங்களை மாதிரிக் கோணலாத் தைக்கத்தான் உயிர் போச்சு."

இத்தனை நாள் என் பனியனையே கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"யாரைக் கேட்டு வெட்டுனே?"

"நீங்க யாரைக் கேட்டு ஒளிச்சு வெச்சீங்க? அவ எனக்கும் பொண்ணுதான். வேணும்னா போய் வாங்கிக்கோங்க. நான் தடுக்கலை."

விடுவிடுவென்று உள்ளே போனேன். பொண்ணு போனதிலிருந்து அந்த வார்டுக்குள் கால் வைத்ததில்லை என்பது கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற பிறகுதான் உறைத்தது. பாப்பாவின் ஒரு கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. கால் இரண்டும் வெளியே கிடந்தன. தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. போர்வையைப் பிடித்து இழுத்தேன், காலை மூடும் வரைக்கும்.

வெளியே வந்தேன்.

"வாங்கலையா?"

"தூங்குது."

"அதுக்கென்ன, நாளைக்கு வந்து கேளுங்க" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "வரும்போது வீட்ல இன்னொரு மூட்டை இருக்கு. அதையும் தூக்கிட்டு வந்துடுங்க."