மாதிரிப் புல்தரை

உலகத்தில் புல் தானாக முளைத்த காலம் ஒன்று இருந்தது. தலைவர், செயலாளர், தொழில்நுட்ப ஆலோசகர் எவரும் இல்லாத அந்த இருண்ட காலத்தைப் பற்றி நாம் அதிகம் பேச வேண்டியதில்லை. டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் அந்த இருளை அகற்றிய பெருமை திருவாளர் நவரத்தினம் அவர்களையே சேரும்.

அந்த வருடத்துக் குளிர் யூலாந்துப் பகுதியையே விறைக்க வைத்தது. தை மாதம் முழுக்கத் தரை கல்லாகக் கிடந்தது. நவரத்தினத்தின் வீட்டுக்குப் பின்னாலிருந்த புல்தரை முதலில் வெள்ளையாகி, பிறகு வைக்கோல் நிறமாகி, செத்ததுபோல் படுத்துவிட்டது. தெரு முழுக்க எல்லோருடைய புல்லும் அப்படித்தான் கிடந்தது. ஆனால் எல்லோருடைய புல்லிலும் வைகாசியில் கல்யாணம் நடக்கவிருக்கவில்லை. மகள் சயந்தினி, மண்டபமும் வேண்டாம், மணவறையும் வேண்டாம், தான் ஓடி விளையாடிய புல்லில் நின்றுதான் கையெழுத்து வைப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வீட்டுக்கே வந்து பதிவு செய்துவைக்க நகரசபையிலும் ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

நவரத்தினத்தின் மனைவி ராசமலர் முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்த கையோடு, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று புல்லைப் பார்த்தாள்.

“இஞ்சேருங்கோ, உதில ஒருத்தரும் கால் வைக்கவேண்டாம். விறைச்ச புல்லை மிதிச்சா முறிஞ்சு போயிடுமெண்டு பக்கத்து வீட்டு டேனிஷ்காரி பென்ட சொன்னவ. பனி போகட்டும். அது தன்ர பாட்டில வரும்.”

“தன்ர பாட்டில வாறதெண்டா பிறகு நான் என்னத்துக்குத் தலைவர்?” என்றார் நவரத்தினம்.

நியாயமான கேள்வி. தமிழர் ஒன்றியத்துக்கு அவர் நெடுங்காலமாகத் தலைவர். ஆனியில் தேர்தல் வேறு வந்துகொண்டிருந்தது. எனவே உடனே நிர்வாகக் குழு கூடியது. ‘குளிரால் பாதிக்கப்பட்ட பசுமையை மீட்டெடுத்தல்’ என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஒரு வீட்டுப் புல்தரையை ‘மாதிரிப் புல்தரை’யாகத் தெரிந்தெடுப்பது என்றும் முடிவாயிற்று. தெரிந்தெடுக்கப்பட்டது தலைவருடைய வீட்டில் இருந்தது என்பது முற்றிலும் தற்செயலானது.

முதலாவது ‘கள ஆய்வு’ உறைபனி விழுந்த ஒரு காலையில் நடைபெற்றது. குழுவினர் கனத்த சப்பாத்துகளோடு புல்தரையில் மேலும் கீழும் நடந்தார்கள். காலடியில் புல் நொறுநொறுவென்று சத்தம் போட்டது.

செயலாளர் அந்தோனிதாசன் குனிந்து காதைக் கொடுத்தார். “கேக்குதே அண்ணை? உயிர் இருக்கு. எங்களோட கதைக்குது.”

நவரத்தினத்துக்குப் புல்லரித்தது. இன்னும் கொஞ்சம் நடக்கும்படி எல்லோரையும் கேட்டுக்கொண்டார்.

அடுத்து, கணினித் துறையில் பெரிய வேலை பார்க்கும் ஐயப்பன் தொழில்நுட்ப ஆலோசகராக நியமிக்கப்பட்டார். கோயம்புத்தூர்க்காரர். பெட்டி நிறைய சென்சார்களுடன் வந்தார்.

“டேட்டா இல்லாம எதுவும் பண்ணக்கூடாது அங்கிள். அடிக்கு ஒண்ணு போட்டுட்டா, புல்லோட மூட் என்னன்னு ஃபோன்லயே தெரிஞ்சிடும்.”

தரை இடம் கொடுக்காததால் துளை போடும் இயந்திரம் வரவழைக்கப்பட்டது. புல்தரை முழுக்கத் துளைத்து முடிந்ததும் ஃபோன் தன் முதல் கண்டுபிடிப்பை வெளியிட்டது: தரை மிகவும் குளிராக இருக்கிறது. குழுவினர் கைதட்டினார்கள்.

ஜன்னலைத் திறந்து சயந்தினி கத்தினாள். “லா நூ வேர, ஃபா!” விட்டுவிடுங்கள் அப்பா என்று அர்த்தம். டேனிஷ் மொழியில் சொல்லப்பட்டதால் அது கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் ‘புல்தரை மீட்பு விழா’ வெகு விமரிசையாக நடந்தது. மேடை, சிவப்புக் கம்பளம், வரிசையாகக் கதிரைகள், பிரதம விருந்தினரின் காலடியில் ஒரு காஸ் அடுப்பு. குத்துவிளக்கு மட்டும் காற்றில் நிற்க மறுத்தது. கடைசியில் விளக்கு ஏற்றப்பட்டதாக ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. குளிர்கால ஜாக்கெட்டுகளுக்கு மேலே பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. புல்லின் சார்பில் நவரத்தினம் நீண்ட உரையாற்றினார். தன் குரல் தழுதழுத்தது அவருக்கே பிடித்திருந்தது.

சேலை கட்டி வந்த எந்தப் பெண்ணும் வழுக்கி விழவில்லை. அந்தப் புகழ் அந்தோனிதாசனுக்கு உரியது. விடியவே வந்து மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டிப் பனியை உருக்கியிருந்தார்.

“புல்லுக்கோ? புல்லுக்கே உப்புப் போட்டனீர்?” ராசமலர் குனிந்து ஒரு உப்புக்கல்லைப் பொறுக்கினாள்.

“றோட்டுக்குப் போடுறதுதானே அக்கா.”

“றோட்டு முளைக்குமெண்டு ஒருத்தரும் பாத்துக்கொண்டிருக்கேல்லை, தம்பி.”

“அபசகுனமாக் கதையாதையும்,” என்று நவரத்தினம் அவளை அடக்கினார். படம் எடுக்கிற நேரம்.

சித்திரையில் பனி கரைந்தது. பக்கத்து வீட்டு பென்ட, எந்தக் குழுவிலும் பொறுப்பு வகிக்காத பெண், அப்போதுதான் வெளியே வந்தாள். செத்த புல்லை மெல்ல வாரியெடுத்தாள். வெட்டையாய்க் கிடந்த இடங்களில் ஒரு பிடி விதையைத் தூவினாள். பிறகு காப்பி குடிக்கப் போய்விட்டாள். இப்படி ஓர் அலட்சியம்! கொஞ்ச நாளில் அவளுடைய தரையில் கண் கூசுகிற பச்சை. தெரு முழுக்கப் பச்சை.

மாதிரிப் புல்தரையிலோ விழா அப்படியே பதிவாகியிருந்தது. மேடை நின்ற இடம் வழித்தெடுத்ததுபோல் மொட்டையாகக் கிடந்தது. கதிரைக் கால்களின் குழிகள் வரிசை தப்பாமல் இருந்தன. அடுப்பிருந்த இடத்தில் கறுப்பு வட்டம். மிச்சத்தை உப்பு பார்த்துக்கொண்டது. ஐயப்பனின் ஃபோனில் மட்டும் எல்லாம் பச்சையாக இருந்தது.

நவரத்தினம் அங்கே நெடுநேரம் நின்றார். மகள் அவரோடு எந்த மொழியிலும் பேசவில்லை. அது அவருக்கு வலித்தது. அதைப் பற்றி ஓர் அவசரக் கூட்டம் கூட்டலாமா என்றும் யோசித்தார்.

ராசமலர் கூட்டம் எதுவும் கூட்டவில்லை. வேலிக்கு அப்பால் போய் பென்டவிடம் கேட்டாள். அவள் கேட்டு முடிக்குமுன்பே பென்ட தலையாட்டிவிட்டாள். வைகாசியில் சயந்தினி அடுத்த வீட்டுப் புல்லில் நின்று கையெழுத்து வைத்தாள்.

ஒன்றியத்தார் திரண்டு வந்திருந்தார்கள், பொன்னாடையோடுதான். மாதிரிப் புல்தரை வேலிக்கு மேலாக நன்றாகவே தெரிந்தது. ஆகையால் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றபடியே, ‘பசுமை மீட்பர்’ நவரத்தினத்துக்குப் பொன்னாடையைப் போர்த்தினார்கள். நெகிழ்ந்துபோன நவரத்தினம் நன்றியுரைக்கு மனைவியைக் கூப்பிட்டார். கூட்டங்களில் அவள் வாய் திறந்ததே இல்லை. சீக்கிரம் முடிந்துவிடும் என்று நம்பினார்.

சீக்கிரம்தான் முடிந்தது.

“எல்லாருக்கும் வணக்கம். முதல்ல பென்டவுக்கு நன்றி. தன்ர புல்லை அதின்ர பாட்டில விட்டவ.”

பழக்க தோஷத்தில் அந்தோனிதாசன் கைதட்டினார். ராசமலர் பொறுத்திருந்தாள்.

“பிறகு, பனிக்கும் நன்றி சொல்லவேணும். எங்கட புல்லை அது அரை உயிரோட விட்டிட்டுத்தான் போனது. மிச்ச உயிரை எடுத்தது ஒன்றியம்.”