டேப் சாரும் கச்சால் டேனியலும்

போர்ட் பிளேரில் ஐந்தடி பத்து அங்குலத்துக்கு மேல் வளர்ந்த எந்த ஆண்பிள்ளையும் டேப் சாரின் டேப்பிலிருந்து தப்பியதில்லை. கல்யாண மாப்பிள்ளை, டிராஃபிக் போலீஸ், துக்க வீட்டில் ஈர வேட்டியோடு நின்ற மூத்த மகன் என்று அவருக்கு எல்லோரும் ஒன்றுதான். அவர் எங்கள் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியர். நான் அதே கல்லூரியில் அட்மிஷன் செக்‌ஷன் கிளார்க். அவருடைய இயற்பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி முதல்வர் முதல் கேன்டீன் வரை எல்லோருக்கும் அவர் டேப் சார்தான்.

சட்டைப் பையில் தையல்காரர்கள் வைத்திருக்கும் டேப், பேன்ட் பையில் சாக்பீஸ். உயரமாக ஒருவனைக் கண்டால் அவன் விரல் நுனியில் சாக்பீஸைத் தேய்த்துச் சுவரோரம் நிறுத்துவார். முதலில் நின்றபடி கையைத் தூக்கிச் சுவரைத் தொட வேண்டும். பிறகு குதித்துத் தொட வேண்டும். இரண்டு கோட்டுக்கும் நடுவில் எத்தனை இஞ்ச் என்பதுதான் அந்த மனிதனைப் பற்றி அவர் தெரிந்துகொள்ள விரும்பிய ஒரே விஷயம். கூடைப்பந்து டீமுக்கு ஆள் பிடிக்கிறாராம்.

குட்வில் எஸ்டேட்டில் ஒரு ரிசப்ஷன். மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு, "மாப்ள, ஒரே ஒரு தடவை கையத் தூக்கிக் குதிங்க" என்றார். மாப்பிள்ளை பாவம், இது ஏதோ பெண் வீட்டுச் சடங்கு என்று நினைத்துக் குதித்துவிட்டார். மாலை ஒரு பக்கம் போக, பட்டு வேட்டி இன்னொரு பக்கம் போக, மேடையில் இருந்தவர்கள் திரை போட்டு மறைத்தார்கள். "பதினெட்டு இஞ்ச் மேடம், வேஸ்டாப் போச்சு, கல்யாணம் ஆயிடுச்சு" என்று சாப்பாட்டுப் பந்தியில் என்னிடம் வருத்தப்பட்டார்.

இனத்துக்கு ஒரு சூத்திரம் வைத்திருந்தார். நிக்கோபாரி குதிப்பான், ராஞ்சிக்காரன் ஓடுவான், பெங்காலி பந்தை விடமாட்டான், மலையாளி ரெஃப்ரியிடம் ரூல் பேசுவான். தமிழன் என்றால் கணக்கு எழுதும் மேனேஜர். கல்லூரி மைதானத்துச் சுவரில் ஒவ்வொரு சாக்பீஸ் கோட்டுக்குப் பக்கத்திலும் பெயர், பெயருக்குப் பக்கத்தில் இனம் எழுதியிருக்கும். பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. தப்பு என்று அப்போது தோன்றவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தச் சூத்திரத்தில் நிஜமாக நசுங்கியவன் சாமுவேல். கார் நிக்கோபாரிலிருந்து வந்த பி.காம் மாணவன், டீமுக்குக் கேப்டன். நிக்கோபாரி என்பதால் சார் அவனைக் கூடைக்குக் கீழே குதிக்க நிறுத்துவார். அவனோ ஐந்தடி ஆறு.

"சார், மேரே கோ, எனக்கு, குதிக்க வராது. சர்ச் சுவத்துல பந்தடிச்சு பாஸ் பழகினவன் நான். பாஹர், வெளிய நின்னாதான் எனக்கு கேம் தெரியும்" என்பான், இந்தி கலந்த தமிழில்.

"ரத்தத்துல இருக்குடா. வரும்" என்பார் சார். வரவில்லை. மெயின்லேண்டிலிருந்து வந்த டீம்களிடம் வருஷா வருஷம் தோற்றோம்.

இவ்வளவு ஆள் பிடிக்கிறவர் ஏன் தீவு தீவாகப் போய்ப் பார்ப்பதில்லை என்று கேட்பீர்கள். அங்கேதான் இருக்கிறது விஷயம். சாருக்குக் கப்பல் பயம். வேலையில் சேரச் சென்னையிலிருந்து கப்பலில் வந்தபோது நடுக்கடலில் புயல் பிடித்து, தன் பெயரையே மறந்துவிட்டதாகச் சொல்வார். அதோடு சரி. சாத்தமிலிருந்து பம்பூபிளாட்டுக்குக் கொஞ்ச நேர ஃபெர்ரி. அதில்கூட ஏறமாட்டார், ரோடு வழியாக ஊரையே சுற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போவார். எனவே ஆள் பிடிப்பது முழுக்கப் போனிலும், கப்பல் வந்து நிற்கும் ஜெட்டித் துறையிலும்தான். நிக்கோபார் கப்பல் வரும் நாளில் ஜெட்டிக்குப் போய், தண்ணீரிலிருந்து பத்தடி தள்ளி நின்றுகொள்வார். "கேங்வேயில நடந்து எறங்குறவன விட்ருங்க மேடம். கடைசிப் படியில குதிக்கிறான் பாருங்க, அவன்தான் நம்ம ஆளு."

அந்த வருஷம் முதல்வர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். நிக்கோபாரிகள் போன்ற பழங்குடிகளுக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் இருந்த ஒரு சீட்டுக்கு இந்தத் தடவையாவது நெட்டையான ஆள் வராவிட்டால் கூடைப்பந்தை மூடிவிட்டு மைதானத்தைப் பார்க்கிங் ஆக்கிவிடுவாராம். சார் நிக்கோபார் பக்கத்துக் கச்சால் தீவில் டீக்கடை வைத்திருந்த ஒரு சிநேகிதருக்குப் போன் போட்டார். பையன் கிடைத்துவிட்டான். ஆறடி இரண்டு அங்குலம், பிளஸ் டூவில் நல்ல மார்க், பெயர் டேனியல். கச்சாலில் பிறந்தவன், டேனியல், ஆறடி இரண்டு. நிக்கோபாரிகள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள்தானே, இதற்கு மேல் சார் எதுவும் கேட்கவில்லை.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை, கப்பல் வருவது செவ்வாய்க்கிழமை. எங்கள் தீவுகளில் இது புதிதில்லை. ஆள் கடலில் இருப்பான், அவன் ஃபாரம் ஆபீசில் இருக்கும். சார் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இனம் என்ற கட்டத்தில் நிக்கோபாரி என்று எழுதினேன்.

"சர்ட்டிபிகேட் சார்?"

"கப்பல்ல வருது மேடம். ஸ்டாம்ப்ப போடுங்க, சலேகா, ஒண்ணும் ஆகாது."

அசல் சரிபார்க்கப்பட்டது என்ற ரப்பர் ஸ்டாம்பை நான் குத்தினேன். கீழே என் கையெழுத்து.

செவ்வாய்க்கிழமை காலை ஜெட்டியில் நானும் நின்றேன். எல்லோரும் இறங்கிய பிறகு கேங்வே உச்சியில் ஒரு நெடிய உருவம் தெரிந்தது. கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, நடுங்கி நடுங்கி இறங்கி வந்தது. கன்னங்கரேலென்ற பையன். நெற்றியில் மூன்று பட்டை விபூதி.

"டேனியல்?" என்றார் சார், வேறு யாராவதாக இருக்கக் கூடாதா என்ற குரலில்.

"ஆமாங்க ஐயா. அம்மா ஒங்களுக்கு ரொட்டி சுட்டுக் குடுத்து விட்டிருக்காங்க."

சார் அப்படியே கயிறு கட்டும் இரும்புக் குத்தியின் மேல் உட்கார்ந்துவிட்டார். சிலோன் மலைத் தோட்டங்களிலிருந்து கொண்டுவந்து கச்சாலில் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். ஆனாலும் போர்ட் பிளேரில் கச்சால் டேனியல் என்று சொன்னால் யாருக்கும் நிக்கோபாரிதான் மனதில் வருவான்.

பெயர்க் காரணம் கேட்டோம். சுனாமி வந்தபோது அவன் அம்மாவுக்கு நிறைமாதமாம். பக்கத்துக் குடியிருப்பு நிக்கோபாரி ஒருவர் அவரைத் தோளில் தூக்கிக் குன்றில் ஏற்றிவிட்டு, மற்றவர்களைக் கூட்டி வரக் கீழே போனார். திரும்பவில்லை. அவர் பெயரைத்தான் பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள். கேட்டதும் எனக்கு அழுகை வந்தது, பிறகு ஸ்டாம்ப் ஞாபகம் வந்து அழுகை நின்றுவிட்டது.

எங்கள் முகத்தைப் பார்த்தே ஏதோ தப்பு என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. "திருப்பி அனுப்பிடாதீங்க ஐயா. எங்க தோட்டத்து லயத்து வீடுகள்ல யாரும் காலேஜுக்கு வந்ததில்ல. இப்ப நான் போனா அடுத்த கப்பலுக்குள்ள எல்லா எடத்துலயும் சேத்து முடிச்சிருவாங்க" என்றான் டேனியல்.

அன்றே முதல்வரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். பயம் விடவில்லை. பொய் ஃபாரம் என்றால் என் வேலை போகும், சார் வேலை போகும், பையன் மீது கேஸ்கூட வரலாம். "நாளைக்கு சொல்லிடலாம் மேடம்" என்பார் சார். சரி என்பேன். அடுத்த நாளும் அதேதான். பியூன் ஒரு ஃபைலோடு என் பக்கம் திரும்பினாலே எழுந்து நின்றுவிடுவேன். ஷாதிபூர் வீட்டில் குக்கர் விசில் அடித்ததற்கு நான் அலறியதை என் வீட்டுக்காரர் இன்றும் சொல்லிச் சிரிப்பார். சார் அந்த நாட்களில் யாரையும் அளக்கவில்லை. மின்னி பே பக்கம் ஆறடி நாலு அங்குலத்தில் ஒரு புது சப்-இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். காக்கியைப் பார்த்ததும் சார் வந்த சந்திலேயே திரும்பிப் போய்விட்டார்.

டேனியலுக்குக் குதிக்கச் சொல்லிக்கொடுத்தார் சார். திண்டாட்டம். நாலு இஞ்ச்சுக்கு மேல் அவன் எழும்பவில்லை. பந்து வந்தால் முகத்தை மூடிக்கொண்டான். கடைசியில் சாமுவேல்தான் அவனைக் கூடைக்குக் கீழே கையைத் தூக்கிச் சும்மா நில் என்று நிறுத்திவிட்டு, தான் வெளியே நின்று அந்தக் கைக்குப் பந்தைப் போட்டான். எல்லாம் கூடையில் விழுந்தது. ஆசைப்பட்ட இடத்தில் சாமுவேல் நின்றது அதுதான் முதல் தடவை. சந்தோஷப்பட வேண்டிய நாள். அன்று சாயங்காலம் அவன் எங்கள் இருவரிடமும் வந்தான்.

"சார், அந்த சீட்டுக்கு வெயிட்டிங் லிஸ்ட்ல மொதல்ல இருக்கிறது என் மாமா பையன். நான் யாருக்கும் சொல்லல. டேனியல் அச்சா லட்கா, நல்ல பையன், என் தோஸ்த். ஆனா நீங்க சொல்லிடுங்க."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவன் அமைதியாகச் சொல்லிவிட்டுப் போனதில் எனக்கு இரவெல்லாம் தூக்கம் இல்லை.

அந்த வாரமே ஒதுக்கீட்டைச் சரிபார்க்க மெயின்லேண்டிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அன்று காலை டேனியலின் விபூதியைச் சார் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டதை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன்.

மைதானத்தில் பையன்களை வரிசையாக நிறுத்தினோம். அதிகாரி தமிழர்தான். ஃபைலைத் திறக்காமலே டேனியலிடம் போய் நின்றார்.

"இவன்தானே அந்த நிக்கோபாரி? பார்த்தாலே தெரியுதே. இவங்களுக்கு ரத்தத்துலயே ஜம்ப் இருக்கு சார்." பிறகு சாமுவேல் பக்கம் திரும்பி, "இது யாரு? வெளியூர்ப் பையனா? குள்ளமா இருக்கான், இவன எதுக்கு டீம்ல வெச்சிருக்கீங்க?" என்றார்.

பிழைத்தோம். பேனாவை எடுத்துவிட்டார், ஒரு கையெழுத்துதான் பாக்கி. டேனியல் குனிந்துகொண்டான். சாமுவேல் சாரையே பார்த்துக்கொண்டிருந்தான். ரத்தத்துலயே இருக்கு என்ற தன் வார்த்தை இன்னொருவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்ட சாரின் முகத்தை என்னால் விவரிக்க முடியாது.

"சார், அந்தப் பையன் தமிழ்" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நிக்கோபாரி இவன், எங்க கேப்டன் சாமுவேல். இவனுக்குக் குதிக்கவே வராது. ரெண்டு வருஷமா இவன தப்பான எடத்துல நிறுத்தி நான்தான் பாழாக்கினேன். ஃபாரத்துல தப்பா எழுதச் சொன்னதும் நான்தான். பையனுக்குத் தெரியாது. மேடத்தை அவசரப்படுத்தி ஸ்டாம்ப் வாங்கினதும் நான்தான்."

"எழுத்து மூலமாத் தர முடியுமா?" என்றார் அதிகாரி.

"தர்றேன் சார். கொஞ்சம் உக்காந்துக்கலாமா?"

பழங்குடி சீட்டு சாமுவேலின் மாமா பையனுக்குப் போனது. பொது விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒருவன் வராமல் காலியாக இருந்த இடத்தை டேனியலுக்குக் கொடுத்தார்கள். எனக்கு ஒரு மெமோ. சாருக்கு கேம்பல் பே பள்ளிக்கூடத்துக்கு மாற்றல். கேம்பல் பே என்றால் தீவுகளின் தெற்குக் கோடி. ஹெலிகாப்டர் சீட்டுக்கு நாயாய் அலைந்தார். நோயாளிகளுக்கும் பெரிய ஆபீசர்களுக்கும் போக டேப் சாருக்கு மிஞ்சவில்லை. கப்பல்தான்.

ஜெட்டிக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். சாமுவேல் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். கேங்வே அடியில் சார் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் "அரே பாய், சலோ" என்று கத்தினார்கள். அவர் காதில் எதுவும் விழவில்லை. உதடெல்லாம் வெளுத்திருந்தது. வேலையை விட்டுவிடுங்கள் சார் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் டேனியல் அவர் கையைப் பிடித்துவிட்டான்.

"ஐயா, எனக்கும் பயந்தான். ரெண்டு கையாலயும் கயித்தப் புடிங்க. ஒரு படியில ரெண்டு காலையும் வைங்க. தண்ணியப் பாக்காதீங்க, என் முதுகப் பாருங்க."

அவன் முன்னே ஏற, சார் அவன் முதுகைப் பார்த்தபடி ஏறினார், அந்தப் பையன் அன்று இறங்கி வந்த அதே மாதிரி. உச்சியில் கேங்வேக்கும் கப்பலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, கீழே கடல். அங்கே வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு குதித்தார். நாலு இஞ்ச் எழும்பியிருப்பார், அதற்கு மேல் இல்லை. டெக்கில் விழுந்து எழுந்து, எங்களைப் பார்த்துக் கைகூட ஆட்டாமல் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நான் வாய்விட்டு அழுதேன், சாமுவேல் கைக்குட்டை கொடுத்தான்.

மறுநாள் மைதானத்துச் சுவரில் நாலு இஞ்ச் இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, சம்பளப் பட்டியலைப் பார்த்து அவருடைய முழுப் பெயரை எழுதினேன். இனம் எழுதும் இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. எங்கள் ஊர் மழைக்குச் சாக்பீஸ் எத்தனை நாள் நிற்கும். அழிய அழிய மறுபடியும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.