மாமனார் நடத்திய கூட்டுப் பேரம்

ஊத்துக்குளி,
சனிக்கிழமை காலை.

அன்பும் மரியாதையும் ஒருசேர உரிய மாப்பிள்ளை அருள்செல்வன் அவர்களுக்கு, மாமனார் ரத்தினசாமி எழுதுவது.

இங்கு நான் நலம். உங்கள் அத்தை மருதம்மாளும் நலம். நீங்கள் என்னை நம்பி விட்டுப்போன கம்பெனியும் நலம். கம்பெனி நலம் என்பதை முதலிலேயே எழுதிவிட்டேன். ஏனென்றால் கடிதத்தின் நடுவில் உங்களுக்கு அதில் சந்தேகம் வரக்கூடும். அப்போது மேலே வந்து இந்த வரியை இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை லாரி ஏற வேண்டிய குழந்தைகள் பனியன் லாட் ஏறியதா இல்லையா என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். மார்க்கை முதலில் சொல்லிவிட்டால் எந்தப் பையனும் விடைத்தாளைப் புரட்டிப் பார்ப்பதில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். ஆனால் போனில் நான் ஓர் உதாரணத்தைத் தொடங்கியதுமே நீங்கள் "சிக்னல் இல்லீங்க மாமா" என்கிறீர்கள். அதனால் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, கிருத்திகாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறேன். நீங்கள் இருவரும் போயிருக்கும் ஜெர்மனியில் குளிர் என்றாள். காதை மூடிக்கொண்டு படியுங்கள்.

நான் ஆன்லைன் கல்லூரியில் படிப்பது உங்களுக்குத் தெரியும். வாத்தியார் வேலையிலிருந்து ரிட்டயர் ஆனபிறகு குக்கர் விசில் அடித்தால்கூட அதற்கு நான் விளக்கம் சொல்கிறேன் என்று அத்தை மகளிடம் புகார் செய்யப்போய், கிருத்திகாதான் என்னை அதில் சேர்த்துவிட்டாள். "தொழிலுறவும் கூட்டுப் பேரமும்" என்ற பாடத்தைத் தேர்ந்தெடுத்தது மட்டும் நான். மாப்பிள்ளை கம்பெனி வைத்திருக்கிறார், அவருக்கு உபயோகப்படும் என்று நினைத்தேன். கூட்டுப் பேரம் என்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. வேலை செய்கிறவர்கள் ஆளுக்கொரு மூலையில் முணுமுணுக்காமல், ஒன்றாகச் சேர்ந்து நிர்வாகத்தோடு பேசி ஒரு முடிவுக்கு வருவது. உதாரணத்துக்கு உங்கள் கல்யாணப் பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்தில் எல்லோரும் ஒரே வாயாகத் திருப்பூர் மண்டபம்தான் என்றார்கள். எங்கள் பக்கத்தில் நான் கதித்தமலைக் கோயில் என்றேன், அத்தை ஈரோடு என்றாள், என் தம்பி எங்கே வைத்தாலும் பந்தியில் இரண்டு பாயசம் வேண்டும் என்றான். கல்யாணம் திருப்பூரில் நடந்தது. இதுதான் பாடத்தின் முதல் அத்தியாயம்.

நீங்கள் கிளம்பும்போது, "மாமா, சும்மா ஆபீஸ் ரூம்ல உக்காந்திருந்தாப் போதுமுங்க, எல்லாம் ஆத்தப்பன் பாத்துக்குவாப்ல, வெள்ளிக்கெழமை லாட் மட்டும் போயிரோணும்" என்றீர்கள். ஆத்தப்பன் நல்ல சூப்பர்வைசர். எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொண்டார். எனக்கு மிஞ்சியது அந்தச் "சும்மா" ஒன்றுதான். வாழ்நாள் முழுக்க வகுப்பில் நின்றுகொண்டே இருந்தவனைச் சும்மா உட்காரச் சொன்னால் எப்படி, மாப்பிள்ளை? அந்தச் சமயம் பார்த்துக் கல்லூரி மேடம், ஏதாவது ஒரு தொழிற்கூடத்தில் நடக்கும் பேச்சுவார்த்தையை நேரில் பார்த்து வீடியோவோடு அறிக்கை அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார். பேச்சுவார்த்தைக்கு ஒரு பிரச்சினை வேண்டுமே! ஒவ்வொரு மிஷினாகப் போய், "ஏதாவது குறை இருக்கிறதா?" என்று கேட்டேன். ஓவர்லாக் மிஷினில் தைக்கும் நாகஜோதி, "ஒண்ணுமில்லீங்க ஐயா, நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள். மற்ற பெண்களும் அதையே சொன்னார்கள். அயர்ன் டேபிள் ராமர் ராமநாதபுரம் பக்கத்துக்காரர் அல்லவா, அவர், "குறையா? எங்களுக்கா? என்ன சார், வம்புல மாட்டி விடுறீக!" என்று இஸ்திரிப் பெட்டியைப் பிடிக்கப் போய்விட்டார். செக்கிங்கில் இருக்கும் வடநாட்டுப் பையன்கள் நான் கேட்டு முடிக்கும் முன்பே "சூப்பர் சார்" என்றார்கள்.

வகுப்பில் "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் "புரிஞ்சுதுங்க சார்" என்பார்கள். ஒருவருக்கும் புரியவில்லை என்று அதற்கு அர்த்தம். இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பள்ளிக்கூடத்தில் தெரிந்தது பனியன் கம்பெனியில் ஞாபகத்துக்கு வரவில்லை. இவர்களுக்குக் கோரிக்கை வைக்கத் தெரியவில்லை, சொல்லிக்கொடுத்தால் வைப்பார்கள் என்று முடிவு கட்டினேன்.

வேலை நேரத்தில் வகுப்பெடுத்தால் உங்கள் லாட் கெடும். அதனால், உங்கள் நன்மையை உத்தேசித்தே, காலை டீ டைமில் எடுத்தேன். பெல் அடித்ததும் எல்லோரும் தெருமுனை பேக்கரிக்குக் கிளம்புவது வழக்கம் அல்லவா? அதை நிறுத்தி, கேனில் டீயையும் கூடவே தேங்காய் பன்னையும் உள்ளேயே வரவழைத்து, கட்டிங் டேபிளைச் சுற்றி உட்காரவைத்தேன். முதல் நாள் மரியாதைக்காகக் கேட்டார்கள். இரண்டாம் நாள் பன்னுக்காகக் கேட்டார்கள். மூன்றாம் நாள் நான் ஓவர்லாக் மிஷினையே உதாரணம் காட்டி, ஒரு நூலால் தையல் நிற்குமா, எல்லா நூலும் சேர்ந்து ஓடினால்தானே துணி பிரியாமல் இருக்கும், ஒன்று அறுந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். ராமர், "அறுந்தா கோத்துட்டு ஓட்டுவாக சார். அதுக்கு எதுக்கு சார் பாடம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வகுப்பு சிரித்தால் பாடம் ஏறுகிறது என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

வியாழக்கிழமை டீ டைம் வந்தது. பெல் அடித்தது. மிஷின்கள் நின்றன. ஆனால் ஒருவரும் கட்டிங் டேபிளுக்கு வரவில்லை. அவரவர் இடத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். நாகஜோதி மட்டும் எழுந்து வந்தாள்.

"ஐயா, ஒரு கோரிக்கைங்க."

மாப்பிள்ளை, அந்த நிமிடம் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. உடனே போனை நூல் கோனில் சாய்த்துவைத்து வீடியோவை ஓடவிட்டேன்.

"சொல்லு கண்ணு, பயப்படாமல் சொல்லு."

"எங்க டீ டைமு எங்களுக்கு வேணுமுங்க."

"டீதான் உள்ளேயே வருகிறதே கண்ணு?"

"டீ வேண்டாமுங்க. டைமுதான் வேணும். பேக்கரிக்குப் போனாத்தானுங்க நாலு மூஞ்சியப் பாக்க முடியும். இந்த வீதில இருக்கற கம்பெனிக்காரங்க பூராம் அங்கதான் வருவாங்க. எந்தக் கம்பெனில ஆர்டர் இருக்குது, எங்க ஊடு காலியாகுது, எந்தப் பள்ளிக்கூடத்துல பசங்களச் சேத்தலாம், எல்லாம் அங்கதானுங்க தெரியும். மூணு நாளா எங்களுக்கு ஒலகமே தெரியலீங்க."

அவர்கள் ஒன்றாகச் சேர்ந்து வைத்த முதல் கோரிக்கை, என் வகுப்பை நிறுத்த வேண்டும் என்பதுதான். மனசு கொஞ்சம் சுருங்கியது, மறைக்கவில்லை. ஆனாலும் நீங்கள் இல்லாதபோது நான்தானே நிர்வாகம்? நிர்வாகம் கேட்டவுடன் கொடுத்துவிடக் கூடாது, மாற்று யோசனை ஒன்றை முன்வைக்க வேண்டும் என்று பாடத்தில் இருக்கிறது. அதனால், "பாடத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாமா?" என்றேன். ராமர் இருந்த இடத்திலிருந்தே, "மிச்சப் பாதி வீட்டுப்பாடமா சார்?" என்றார். யோசிக்க அவகாசம் வேண்டும் என்றேன், அதுவும் பாடத்தில் இருக்கிறது. "யோசிங்க, நாங்க இருக்கறமுங்க" என்று நாகஜோதி தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். டீ டைம் முடிந்தும் ஒரு மிஷின்கூட ஓடவில்லை. உங்கள் கம்பெனியில் மின்விசிறிச் சத்தம் கேட்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

ஆத்தப்பன் ஓடிவந்தார். "ஐயா, நாளைக்கு லாட்டுங்க! என்னுங்க பண்ணி வெச்சிருக்கறீங்க? மொதலாளி வந்தா நான் என்னன்னு சொல்லுவன்?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, அழுகறீங்களா?" என்றார்.

"இல்லை ஆத்தப்பா, பெருமை. ஒருத்தர் பேச வேண்டும், மற்றவர்கள் கட்டுப்பாடாக இருக்க வேண்டும், யாரும் தனியாக விலகிவிடக் கூடாது என்று நேற்றுத்தான் சொல்லிக்கொடுத்தேன். இவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்ட வகுப்பு என் சர்வீஸிலேயே கிடையாது."

"வகுப்பு போகட்டுமுங்க, லாட்டு போகோணுமில்ல?" என்றார் அவர்.

நிர்வாகம் பணிந்தது. டீ டைம் அவர்களுடையது என்று கேமராவைப் பார்த்துச் சொன்னேன். கைதட்டினார்கள். கட்டிங் டேபிள்காரர் விசில்கூட அடித்தார். ஆனால் யாரும் மிஷினைப் போடவில்லை. "இன்னைக்கு டைமு இங்கயே போயிருச்சுங்க, அதக் குடுக்கோணுமில்ல. நீங்களும் வாங்க ஐயா" என்று என்னையும் பேக்கரிக்குக் கூட்டிப்போனார்கள்.

இனிமேல்தான் மாப்பிள்ளை, நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டிய பகுதி. பேக்கரியில் நான் டீயை வாயில் வைத்த நேரம், எதிர்க் கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் நாகஜோதியிடம் வந்து, "ஏனுங்க அக்கா, திங்கக்கெழமை எல்லாரும் வந்தர்றீங்கல்ல? மிஷின் ஒதுக்கியாச்சு" என்று சர்வசாதாரணமாகக் கேட்டுவிட்டுப் போனார். எனக்குப் புரையேறிவிட்டது. நாகஜோதிதான் தலையில் தட்டினாள்.

விசாரித்தால், உங்கள் ஓவர்லாக் பெண்கள் மொத்தப் பேரும் இந்த லாட் முடிந்ததும் கிளம்ப இருந்திருக்கிறார்கள். காரணம் கூலி இல்லை. உங்கள் வேன். ஒன்றரை ஷிப்ட் முடிந்து ராத்திரி போகும்போது வேன் அவர்களை மெயின் ரோட்டு முக்கிலேயே இறக்கிவிடுகிறது. அங்கிருந்து வீடு வரை விளக்கில்லாத சந்து. டாஸ்மாக் வாசலைத் தாண்டி, நாய்களையும் தாண்டி நடக்க வேண்டும். எதிர்க் கம்பெனி வேன் வாசலிலேயே இறக்கிவிடுகிறதாம். புது வேன் சந்துக்குள் போனால் கீறல் விழும் என்று முதலாளி சொன்னார் என்கிறாராம் டிரைவர். எங்கள் மாப்பிள்ளை அப்படிச் சொல்லியிருக்க மாட்டார் என்று அவர்களிடம் உறுதியாகச் சொல்லியிருக்கிறேன். சொன்னீர்களா?

"ஏன் கண்ணு, அன்றைக்கு நான் குறை கேட்டபோது இதைச் சொல்லவே இல்லையே?" என்றேன்.

"எப்படிங்க சொல்றது? மொதலாளி நல்ல மனுசருங்க. எங்கூட்டுக் காதுகுத்துக்கு கிருத்திகா அக்காவோட வந்து ஒக்காந்து சாப்பிட்டுட்டுப் போனாரு. அவருகிட்டப் போயி கொறைன்னு எப்படிச் சொல்றது? சங்கடமா இருக்குமில்லீங்க. அதுக்குப் பேசாம கம்பெனி மாத்திக்கறதுதானுங்க மரியாதை."

ராமர் தலையாட்டினார். "மோசமான ஓனருன்னா மூஞ்சிக்கு நேராக் கேட்டுப்புடுவோம் சார். நல்ல ஓனருகிட்டச் சொல்லாமத்தான் போவோம்."

மாப்பிள்ளை, எனக்கு இரண்டு நாளாக இதே யோசனைதான். நீங்கள் நல்லவர் என்பதால் உங்களிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் நல்லவராக இருந்திருந்தால் கம்பெனியே காலியாகியிருக்கும். நம் பக்கத்தில் மரியாதை என்பது எவ்வளவு ஆபத்தான விஷயம் பாருங்கள். என் கல்லூரிப் புத்தகத்தில் தொழிற்சங்கம் உண்டு, வேலைநிறுத்தம் உண்டு, கதவடைப்பு உண்டு. முதலாளி மனசு நோகக் கூடாது என்று சத்தமில்லாமல் கிளம்பிப்போவதற்கு மட்டும் ஓர் அத்தியாயம் இல்லை. மேடத்துக்கு எழுதியிருக்கிறேன்.

"போவதாக இருந்தால் போங்கள். ஆனால் மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவார். திங்கட்கிழமை ஒரே ஒரு முறை கேட்டுப்பாருங்கள். கேட்காமலே போனால், எதற்காகப் போனீர்கள் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. அதுதான் அவருக்குப் பெரிய வருத்தமாக இருக்கும்" என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நாகஜோதி, "கேக்கறமுங்க" என்றாள். அதோடு போய் மிஷினைப் போட்டார்கள். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டைக்கூட ஒதுக்கிவைத்துவிட்டு அடித்தார்கள். லாட் சாயங்காலம் லாரி ஏறிவிட்டது. ஒரு பீஸ்கூடக் குறையவில்லை என்று ஆத்தப்பன் உங்களிடம் சொல்லச் சொன்னார்.

ஆகவே திங்கட்கிழமை காலை அவர்கள் உங்களிடம் வருவார்கள். வேனைப் பற்றிக் கேட்பார்கள். கோபப்படாதீர்கள். அவர்கள் கேட்கிறார்கள் என்றால் இருக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். இதில் நான் எந்தப் பக்கமும் இல்லை. நடந்த குழப்பம் போதும். அறிக்கையை அனுப்பிவிட்டேன், படிப்பையும் நிறுத்திக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். இனி உங்கள் கம்பெனி விஷயத்தில் மாமனாராகிய நான் தலையிடமாட்டேன் என்று எழுத்துமூலமாக இதில் உறுதியளிக்கிறேன். திங்கட்கிழமை நான் ஊத்துக்குளியில் வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பேன்.

உங்களுக்கும் கிருத்திகாவுக்கும் கதித்தமலை முருகன் துணை இருப்பான். விமானத்தில் ஏறுமுன் ஏதாவது சாப்பிட்டுக்கொள்ளுங்கள். அத்தை கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

என்றும் உங்கள் நலம் நாடும் மாமா,
ரத்தினசாமி.

பின்குறிப்பு: கடிதத்தை முடித்துப் பேனா மூடியைப் போடும் நேரத்தில் நாகஜோதி போன் செய்தாள். எவ்வளவு யோசித்தும் முதலாளி முகத்தைப் பார்த்துக் கேட்க ஒருவருக்கும் வாய் வராதாம். அதனால் எல்லோரும் கூடி, அவர்கள் சார்பில் பேச ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம். என்னை. மாமனார் மாப்பிள்ளையிடம் கோரிக்கை வைப்பது முறையில்லை என்று நான் மறுத்துக்கொண்டிருக்கும்போதே, அத்தை போனை வாங்கி, "வருவாருங்க, நானுங்கூட வர்றேன்" என்று சொல்லிவிட்டாள். எனவே திங்கட்கிழமை நாங்கள் உங்களுக்கு எதிர்ப்பக்கம் உட்காருகிறோம். எங்களைப் பார்த்ததும் எழுந்து நிற்காதீர்கள். நிர்வாகம் எழுந்து நிற்கக் கூடாது. கிருத்திகா எந்தப் பக்கம் உட்காருவாள் என்பதை மட்டும் அவளையே கேட்டு எழுதுங்கள். நாற்காலி போட வேண்டும்.