பிரான்சுக்காரி கேட்ட கல்வெட்டு

மாமி செத்து மூன்றாம் கிழமை, அவவின் ஒரே மகனான என் மனுசன் பேனையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

"இனி ஒரு வரியும் எழுதமாட்டன். எனக்கு எழுதத் தெரியாது. இவ்வளவு காலமும் சனத்தைப் பேய்க்காட்டியிருக்கிறன்" என்றார்.

கரம்பொனில் இதைச் சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். சங்கக் கடை மனேச்சர் வேலை சம்பளத்துக்கு. இவர் உயிரை விட்டுச் செய்கிற வேலை கல்வெட்டுப் பாடுவது. முப்பத்தோராம் நாள் வருகிறவர்களின் கையில், செத்தவரின் படம் போட்டு ஒரு சின்னப் புத்தகம் கொடுப்போமே, அதற்குள் வருகிற மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், பேரர் புலம்பல் எல்லாம் இவர் கைதான். இந்தப் பக்கத்தில் ஆர் செத்தாலும் முதலில் ஐயருக்குச் சொல்லுவார்கள், இரண்டாவது இவருக்கு. ஊர்ப் பெரியவர் அரியநாயகத்தார் உயிரோடு இருக்கும்போதே வந்து தன் கல்வெட்டை எழுதுவித்தவர். வாசித்துப் பார்த்து, "மருமக்கள் புலம்பல் காணாது தம்பி, இன்னும் கொஞ்சம் அழவேணும்" என்று திருத்திக்கொண்டு போனவர்.

அப்படிப்பட்டவருக்குப் பெற்ற தாயைப் பாட ஒரு வரி வரவில்லை.

முதலில் மேசையில் குற்றம் கண்டார். கிழக்கே பார்த்த மேசை மேற்கே போனது. பிறகு வடக்கே. ஒரு நாள் குசினி வாசலையே அடைத்துக்கொண்டு நின்றது. நான் மேசைக்குக் கீழால் தவழ்ந்து போய்த் தேங்காய் துருவினேன். பிள்ளை மிதுஷாவும் பின்னால் தவழ்ந்து வந்தாள். வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் அது சந்தோசம். மேசைக்குப் பிறகு காகம். காகத்துக்குப் பிறகு நான்.

"தேத்தண்ணியில சாயம் கூடிப்போச்சு. எதுகை வருகுதில்லை" என்றார்.

பகிடியாகத்தான் சொல்கிறேன். ஆனால் இவர் வெறும் தாளில் "அம்மா" என்று எழுதுவதையும், வெட்டுவதையும், திரும்ப எழுதுவதையும் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது.

"இஞ்சேரப்பா, என்னதான் செய்யுது?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"மற்றவையின்ர தாயெண்டால் தெய்வமே, தீபமே எண்டு போட்டிடுவன். இது அம்மாவெல்லே. அம்மாவைத் தீபமெண்டு போட வெக்கமாக்கிடக்கு."

"அப்ப வேற என்னவும் போடுங்கோவன்."

"வேற என்ன தெரியும் எனக்கு?"

கடைசியில், தேவாரத்தையும் படத்தையும் மட்டும் போட்டு அச்சடிப்பது என்று முடிவெடுத்தார். மாமி படுக்கையில் கிடந்தபோது என் காதுக்குள் சொன்னவ: "பிள்ளை, தம்பி எனக்கு என்ன பாடுவான் எண்டு அறிய ஆசையாக்கிடக்கு. அதுக்குச் சாகவெல்லோ வேணும்."

மாமி செத்தும் போனா. பாட்டைத்தான் காணவில்லை.

ஏழாம் வகுப்போடு நின்ற நான் இவருக்கு என்ன சொல்ல? பக்கத்து வளவு றோசம்மாக்காவிடம் வேலியால் சொன்னேன். தவக்காலத்தில் மாதா கோயிலில் ஒப்பாரி படிக்கிற ஆள் அவ.

"அக்கா, பிறத்தி ஆக்கள் செத்தால்தான் இவருக்கு எழுத வரும்."

"அதுக்கு? நான் போய் ஆரையும் கொல்லட்டோ?"

"மாமியையே பிறத்தி ஆளாக்கினால்?"

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தா. "எடியே, வாயில்லாத பிள்ளையெண்டெல்லோ உன்னை நினைச்சனான்!"

அக்காவின் போனுக்கு அவவின் மகன் பிரான்ஸ் நம்பரில் வாட்சப் போட்டுக் கொடுத்திருக்கிறான். தாயைப் பறிகொடுத்த பிரான்சுக்காரி மாதிரிக் குரலை மாற்றி அக்கா இவருக்குப் போன் எடுக்கவேணும்; சொல்லுறதுக்கு மாமியின் கதையை நான் சொல்லிக் கொடுத்தேன். பாதியிலேயே இவர் தாயைக் கண்டுபிடிப்பார், விழுந்து அழுவார், அந்த அழுகையோடு எழுதுவார். அதுதான் என் திட்டம்.

அடுத்த நாள் காலை போன் அடித்தது. இவர் எப்போதும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரித்தான் போட்டுப் பேசுவார்.

"ஹலோ, பிரான்சில இருந்து கதைக்கிறன். அம்மா மோசம் போயிட்டா. ஊரில கல்வெட்டு அடிக்கவேணும்."

இவர் அலுமாரித் திறப்பைத் தேடி ஓடினார்.

"அம்மாவைப் பற்றி ரெண்டொரு விசயம் சொல்லுங்கோ அக்கா."

"நயினாதீவுத் திருவிழாவுக்குக் குறிகட்டுவான் துறை வரைக்கும் எல்லாரோடையும் வருவா. வள்ளம் ஏறமாட்டா. எண்பத்தைஞ்சில வள்ளத்துச் சனம் கடலில செத்தாப்பிறகு ஏறினதேயில்லை. எல்லாரின்ரை சாப்பாட்டுப் பையையும் காத்துக்கொண்டு, துறையில நிண்டு கோபுரத்தைக் கும்பிடுவா."

நான் குசினிக் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். மாமிக்கு முழங்கால் வருத்தம் என்றுதான் இவர் வருசாவருசம் நினைத்திருந்தார்.

"நல்ல விசயம், நல்ல விசயம்" என்று எழுதினார்.

"டிவி நாடகத்தில மருமகளைக் கொடுமைப்படுத்தினால், கிட்டப் போய் நிண்டு அந்த மாமியாரைப் பேசுவா."

"அருமையான மனுசி."

அந்த நேரம் பார்த்து றோசம்மாக்காவின் சேவல் கூவியது. போனுக்குள்ளும் கூவியது, வேலிக்கு மேலாலும் கூவியது. எனக்கு உயிர் போய் வந்தது.

இவர் என் பக்கம் திரும்பி, "பிரான்சிலயும் சேவல் வளக்கினம், பாத்தீரோ" என்றார்.

அக்கா முடிக்கவில்லை. குரல் மட்டும் கடுமையானது. "ஒரு மகன். ஒரே வீடு. தாய் படுக்கையில கிடக்கேக்க, பக்கத்தில இருந்து ஒரு நாள் கதைச்சதில்லை."

இது நான் சொல்லிக் கொடுக்காதது. என் கையிலிருந்த அகப்பை விழுந்தது.

"அவனை என்ர கண்ணில காட்டுங்கோ அக்கா, செவிட்டைப் பொத்தி அடிப்பன்!" என்றார் இவர்.

அன்று சோறு கேட்கவில்லை. தேத்தண்ணி கேட்கவில்லை. காகம் கத்தியதும் காதில் விழவில்லை. பொழுதுபட முன்னம் முடித்து, என்னைக் கதிரையில் இருத்தி வாசித்தார். வள்ளம் ஏறாத தாய் துறையில் நின்ற இடத்தில் எனக்குக் கண் நிறைந்தது. மகனுடைய இடம் வந்ததும் குரலை உயர்த்தினார்.

"பெற்றவள்தன் பாயருகே பேசா திருந்தமகன்
சுற்றிநின்று தேம்புவதேன் சொல்."

இந்தா பிடிக்கிறார், இந்தா பிடிக்கிறார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிடிக்கவில்லை.

"எனக்கு எழுத்து விட்டுப்போகேல்லை, பாத்தீரோ!" என்று நெஞ்சை நிமிர்த்தினார். "பேரும் செத்த நாளும் சொல்லுற திதி வெண்பா ஒண்டுதான் மிச்சம். மனுசியின்ர பேரைக் கேக்க மறந்திட்டன். உமக்கு ஏதும் காதில விழுந்ததோ?"

"இராசேஸ்வரி" என்றேன்.

"அட, அம்மான்ரை பேர்." எழுதினார். "திதி?"

"தை மாதத்து அபரபக்கப் பஞ்சமி."

"அட, அம்மாவும்..." பேனை மெதுவானது. "எந்த ஊர்?"

"கரம்பொன்."

பேனை நின்றது.

இவர் தாளை முதலிலிருந்து திரும்ப வாசித்தார். இந்த முறை வாய்க்குள். வள்ளத்து வரி வந்ததும் அதற்கு அங்கால் போகவில்லை.

"முழங்கால் வருத்தமில்லையோ?"

"இல்லை."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையாம்."

பேனை மகனுடைய இரண்டு வரிக்கு வந்தது. வெட்டப் போகிறார் என்று நினைத்தேன். வெட்டவில்லை. முனை ஊன்றின இடத்தில் மை பரவிக்கொண்டிருந்தது.

"இஞ்சேரப்பா," என்றார், தாளைப் பார்த்தபடி. "அந்தப் பிரான்சுக்காரி மகனைப் பற்றிச் சொன்னது... உண்மையோ?"

நான் வேலிப் பக்கம் பார்த்தேன்.

வேலிக்கு அங்கால் இருந்து பிரான்ஸ் பதில் சொன்னது: "ஓம் தம்பி, உண்மைதான். நான் உங்களுக்குப் பொய் சொல்லுவனோ?"