பிரேம் விழுந்த வீடு

ஞாயிற்றுக்கிழமை காலை சிங்கப்பூர் தேக்காவில் காய்கறி வாங்கக்கூட அவ்வளவு கூட்டம் இல்லை. கூட்டமெல்லாம் சிராங்கூன் ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடிப்படியில் நின்றது. மேலே சிக்னல் சித்தர் அருள் பாலிக்கிறார். உங்கள் நேரலையில் வீடியோ ‘லேக்’ ஆகி, திக்கித் திக்கி ஓடுகிறதா? அது கண்ணேறு! ஆயிரம் பேர் பார்த்தால் ஆயிரம் கண் படாதா என்று கேட்டார் சித்தர். எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது. தன் நேரலையை நாற்பது பேருக்கு மேல் பார்த்ததே இல்லை என்பதை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

புடவை விற்பவர்கள், டியூஷன் டீச்சர், கல்யாண வீடியோ எடுப்பவர் என்று எல்லாம் படித்த கூட்டம்தான். சிலர் படிக்கட்டில் டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம் பிடித்துவிட்டுத் தே தாரிக் குடிக்கப் போயிருந்தார்கள். கண்ணேறு போக்கும் செப்புத் தகடு ஒன்று, டாலர் கணக்கில் எண்பத்தெட்டு வெள்ளி. காணிக்கை பேநவ்வில், அதாவது போன் வழியாக வங்கிக்கு, மட்டும். முக்காலமும் உணர்ந்த சித்தர், பணம் வந்துவிட்டதா என்பதை மட்டும் போனைப் பார்த்துத்தான் உணர்ந்துகொள்வார்.

அந்த வரிசையில் லேப்டாப்பைக் கைக்குழந்தை போல அணைத்தபடி தாரகா நின்றாள். இது நான்காவது முறை. மாலையில் தீபாவளி நேரலை.

ஈசூன் வீட்டு ஹாலில் அவளும் கணவனின் தங்கை ரோஷினியும் இரண்டு வருடமாகப் புடவை நேரலை நடத்தினார்கள். ரோஷினி புடவையைக் கட்டி நடப்பாள். அதை முன்னதாகவே போனில் வீடியோ எடுத்துவைத்து, நேரலையில் ஓடவிட்டு, தாரகா பேசுவாள். புதுப் போன் வாங்கினார்கள். வீடியோ பளிங்கு போல இருந்தது. ஆனால் நேரலையில் முந்தானை பாதி விரிந்ததும் நின்றுவிடும், பிறகு குதிக்கும். “சேலை ஓகே, பொம்மைக்கு ஏன் கட்டியிருக்கீங்க?” என்று ஒரு அம்மாள் எழுதிவிட்டுப் போனாள்.

முதல் முறை வந்தபோது சித்தர் திரையை உற்றுப் பார்த்தார். அடியில் ‘டிராப்டு பிரேம்ஸ்’, விழுந்த பிரேம்கள், என்று ஒரு வரி ஓடியது. கண்ணை மூடிக்கொண்டார்.

“வீட்டுல பிரேம் விழுந்திருக்குமே?”

தாரகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வெள்ளிக்கிழமைதான் மாமியாரின் படம் சுவரிலிருந்து விழுந்திருந்தது!

“ஆமா சாமி! டேப் விட்டுருச்சு.”

“விழுந்தத எடுத்தது யாரு?”

“என் நாத்தனார்.”

“அந்தக் கைதான். லேப்டாப்புக்கு ஏழடி தள்ளியே இருக்கணும். வீட்ட விட்டே தள்ளி இருந்தா உத்தமம்.”

செத்துப்போன அம்மாவின் படம் விழுந்தால் மகள் எடுக்காமல் நகர மன்றத்திலிருந்தா ஆள் வந்து எடுக்கும்? தாரகாவுக்கு இது தோன்றவில்லை. சித்தர் புகை போட்டு, திரைச்சீலைக்குப் பின்னால் லேப்டாப்போடு ஏழு நிமிடம் இருந்தார். மந்திரம் கேட்டது, நடுநடுவே மவுஸ் சத்தமும் கேட்டது. தகடு ஒட்டித் தந்தார். வீடியோ வழுக்கிக்கொண்டு ஓடியது.

அன்றே ரோஷினி பெட்டியைக் கட்டிக்கொண்டு புக்கிட் பாத்தோக்கில் தோழி வீட்டுக்குப் போனாள். கணவன் பாலகிருஷ்ணன் நடுவில் வாயைத் திறந்து, இரண்டு பக்கமும் திட்டு வாங்கி, மூடிக்கொண்டான். “பரவால்ல அண்ணி, லைவ் நல்லா போகட்டும்” என்றாள் ரோஷினி. அம்மா படத்தை மட்டும் கேட்டாள். அவள் கை படக்கூடாதே என்று தாரகா அதையும் தரவில்லை.

ஆனால் ரோஷினி போகும் முன்பே எடுத்துவைத்திருந்த வேறு வீடியோவைப் புதிதாகப் போட்டால் மறுபடி திக்கியது. “புதுச் சேலை, புதுக் கண்ணு” என்றார் சித்தர். புதுத் தகடும் வந்தது. இப்போது மூன்று தகட்டோடு லேப்டாப் கோவில் கதவு போல இருந்தது.

இன்று கூட்டம் பார்க்கட்டும் என்று சித்தர் பெரிய திரையில் தாரகாவின் புது வீடியோவை ஓடவிட்டார். அது திக்கியது. ஐயோ என்றது கூட்டம். அவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு திரைச்சீலைப் பக்கம் திரும்பினார்.

“சாமி, ஒரு நிமிஷம்.”

வாசலில் ரோஷினி நின்றாள். அண்ணனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தாள்.

“ஏழடி தள்ளி நில்லு!” என்றார் சித்தர்.

“தள்ளியே நிக்கிறேன். நீங்க தகடு ஒட்டுங்க, மந்திரம் சொல்லுங்க. மவுஸ மட்டும் தொடாதீங்க. இங்கயே, எல்லாரும் பாக்க.”

“தெய்வத்துக்கே சோதனையா?”

“மந்திரத்துக்கு மவுஸ் எதுக்கு லா?” என்றார் டியூஷன் டீச்சர் கதீஜா.

சித்தர் தகடு ஒட்டினார். வீடியோ திக்கியது. இன்னொன்று ஒட்டினார். நன்றாகவே திக்கியது. சாம்பிராணி போட்டார். கூட்டம் இருமியது.

“இவ நிக்கிறதால அருள் வர லேட்டாவுது!”

“அருளுக்கும் லேக்கா?” என்று யாரோ கேட்க, மாடியே சிரித்தது.

“அண்ணி, நான் கை வைக்கல. நீங்களே செய்யுங்க” என்றாள் ரோஷினி. “தகட்டையெல்லாம் பிச்சுப் போடுங்க. அந்த வீடியோ பேர் மேல ரைட் கிளிக், பிராப்பர்டீஸ். ஹார்ட்வேர் டிகோடிங்னு ஒரு கட்டம் இருக்கா? டிக் போடுங்க.”

தாரகா தகடுகளைப் பிய்த்துப் போட்டுவிட்டு டிக் போட்டாள். முந்தானை முழுதாக விரிந்தது. ரோஷினி திரையில் ஒரு இடத்திலும் நிற்காமல் நடந்துபோனாள்.

“புதுப் போன் வீடியோ ரொம்ப கனம். பழைய லேப்டாப் ஒத்தையாளா தூக்க முடியாம திணறுது. டிக் போட்டா, படத்துக்குன்னே உள்ள இருக்கிற சிப்பும் சேந்து தூக்கும். ஒவ்வொரு புது வீடியோவுக்கும் தனியா போடணும். அந்த ஏழு நிமிஷத்துல இவரு செஞ்சது இவ்வளவுதான். ஒரு தடவ சரியான வீடியோ திரும்பத் திக்கவே இல்லியே, கவனிச்சீங்களா? நான் தினமும் உங்க லைவ்வ பாத்தேன் அண்ணி. விழுந்த பிரேம் வீடியோவுக்குள்ள ஓடுற படத்துண்டு. அம்மா படம் இல்ல.”

தாரகாவுக்குத் தகட்டுக்குள் ஒளிந்துகொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது. துரத்தப்பட்டவள் தினமும் பார்த்திருக்கிறாள்!

“டேய் கேசவா! கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக் கேசவன்தானே நீ?” என்று கத்தினார் கல்யாண வீடியோக்காரர். பேநவ்வில் பணம் அனுப்பும்போதெல்லாம் திரையில் ‘கேசவன்’ என்றுதான் வந்தது. அத்தனை பேரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். சித்தர் பின்படி வழியாக இறங்கினார். அந்த ஓட்டத்தில் திக்கல் எதுவும் இல்லை.

“வீட்டுக்கு வா, ரோஷினி. உங்கம்மா படத்த நீதான் மாட்டணும்” என்றாள் தாரகா. அழுதுவிட்டாள்.

மாலையில் ரோஷினி ஒரு தகட்டை வளைத்து, கொக்கியாக்கி, சுவரில் அடித்து, அம்மாவின் படத்தை மாட்டினாள். அந்தத் தகட்டால் முதல்முறையாக ஒரு பயன். படம் ஆடவில்லை, நேரலையும் நிற்கவில்லை.

அதே மாடியில் இப்போது பேட்டரி பாபா என்று ஒருவர் வந்திருக்கிறாராம். படிக்கட்டில் டிஷ்யூ பொட்டலம் வைக்க ஆரம்பித்துவிட்டார்களாம். போகிறவர்கள் போங்கள். உங்கள் தலைக்குள்ளும் ஒரு கட்டம் காலியாகக் கிடக்கிறது. அதில் டிக் போட எண்பத்தெட்டு வெள்ளி ஆகாது.