கூகைப் பெட்டிக்குள் ஒரு கொண்டை

நிதியுதவி விண்ணப்பப் படிவத்தில் வெறுமையாகக் கிடக்கும் ஒரு கட்டத்தைக் கண்டால், கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறவருக்கும் கை குறுகுறுக்கும். எனக்குக் குறுகுறுத்தது. நான் எழுதினேன். எழுதியதை நம்பி இரண்டு பேர் கொழும்பிலிருந்து புறப்பட்டு அச்சுவேலிக்கு வந்துவிட்டார்கள்.

அப்போது நான் உயிரியலில் பட்டம் முடித்துவிட்டு, ரியூட்டரியில் பிள்ளைகளுக்குத் தவளையின் இதயத்தைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அண்ணை எங்கள் தோட்டத்தில் மரவள்ளி போட்டிருந்தார். பாதிக் கிழங்கு எங்களுக்கு, பாதி எலிக்கு. ஊர் முழுக்க எலிக்கு மருந்து வைத்தார்கள். மருந்து தின்ற எலியைத் தின்று பூனைகளும் செத்தன. அந்த நேரத்தில்தான் காட்டுயிர்களைக் காப்பவர்களுக்குச் சிறு நிதி கொடுக்கிறோம் என்ற அறிவித்தலைத் தொலைபேசியில் கண்டேன். எனக்குள் ஒரு மாபெரும் திட்டம் பிறந்தது. தோட்டங்களில் பெட்டி அடித்து வைத்தால் கூகைகள் குடிவரும், எலியைப் பிடிக்கும், மருந்து தேவைப்படாது. (உலகத்தில் வேறு ஒருவருக்கும் இது தோன்றியிருக்காது என்று மூன்று நாள் நம்பினேன்.)

பழைய கதவுப் பலகையில் நான்கு பெட்டிகள் அடித்துக் கம்பங்களில் ஏற்றினேன். அண்ணை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தார்.

"சாக்குருவிக்கு வீடு கட்டிக் குடுக்கிற முதல் ஆள் நீதான். ஊருக்குள்ள கதைச்சுப் போடாதை. மாப்பிளை வராது."

அம்மா அதைவிடக் கடுமை. கூகை கத்தினால் வீட்டில் சாவு விழும் என்பதில் அவருக்குத் துளி சந்தேகமும் இல்லை.

ஆகவே விண்ணப்பத்தில் அம்மாவைச் 'சமூகத் தொடர்பாளர்' என்று போட்டேன். அண்ணையை 'மூத்த கள ஆலோசகர்' என்று போட்டேன். இருவருக்கும் சொல்லவில்லை. 'ஆரம்பப் பெறுபேறுகள்' என்ற கட்டம் மட்டும் மிஞ்சிக் கிடந்தது. வேலிக்கரையில் நின்ற இரண்டாம் பெட்டியின் கம்பத்தில் வெள்ளையாக எச்சம் வழிந்திருந்தது. வாசலில் ஓர் இறகு ஒட்டியிருந்தது. பின்னேரங்களில் உள்ளே ஏதோ பிறாண்டும் சத்தமும் கேட்டது. எனக்கு அது போதும். 'இரண்டாம் பெட்டியில் ஒரு சோடி கூகைகள் குடியேறி, இனப்பெருக்கத்துக்கு ஆயத்தமாகின்றன' என்று எழுதி அனுப்பிவிட்டேன். சோடி என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்காதீர்கள். தனியாக இருந்தால் பாவம் என்று நினைத்தேன்.

இரண்டே கிழமையில், தெரிவானவர்களின் இடங்களை நேரில் பார்க்க வருகிறோம் என்று மின்னஞ்சல் வந்தபோது நான் துள்ளிக் குதித்தேன். அம்மா வடை சுட்டார். அண்ணையிடம், அன்றைக்கு மட்டும் சேட்டுப் போட்டுக்கொண்டு தோட்டத்தில் நிற்கும்படியும், சாக்குருவி என்ற சொல்லை வாயில் எடுக்க வேண்டாம் என்றும் கெஞ்சினேன்.

காலை பத்து மணிக்கு வந்தார்கள். ஒருவர் வானதி மேடம், தமிழர், கையில் என் விண்ணப்பத்தின் பிரதி. மற்றவர் அகலத் தொப்பி போட்ட வெளிநாட்டுக்காரர், பறவை ஆராய்ச்சியாளர். அவருக்கு மேடம் மொழிபெயர்த்தார்.

தோட்டத்துக்குள் இறங்கியதும் மேடம் தாளைப் பார்த்து, "இவர்தானா மூத்த கள ஆலோசகர்?" என்றார்.

"ஆர், நானோ?" என்றார் அண்ணை. பிறகு என் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன தெரிந்ததோ, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "ஓம். களத்திலதானே நிக்கிறன்."

நான் மூச்சு விட்டேன். அந்தத் தைரியத்தில் இரண்டாம் பெட்டியின் கீழே நின்று பத்து நிமிடம் விரிவுரை ஆற்றினேன். கூகையின் செவிப்புலன், இறகின் மென்மை, வலிகாமத்தின் எதிர்காலம் எல்லாம் வந்து போயின. தொப்பிக்காரர், பறவை குழம்பிவிடும், மெதுவாகப் பேசுங்கள் என்று சைகை காட்டினார். நீண்ட தடியின் நுனியில் பொருத்திய சிறிய கமெராவை ஓசைப்படாமல் பெட்டி வாசலுக்கு உயர்த்தினார். நாங்கள் எல்லோரும் அவர் கையிலிருந்த திரையைச் சுற்றித் தலையைக் குனிந்தோம்.

முதலில் ஒரு வட்டக் கண் தெரிந்தது. அடுத்து ஒரு சொண்டு. அதற்கு மேலே, செக்கச்செவேலென்று ஒரு கொண்டை.

"கூகைக்குக் கொண்டை இருக்கா?" என்று மேடம் மெல்லக் கேட்டார்.

உயிரியல் பட்டதாரியான நான் சொன்ன பதில் இது: "வடக்கில... சிலதுக்கு இருக்கும்."

அந்தக் கணத்தில் அது கொக்கரித்துக்கொண்டு வெளியே பாய்ந்து, தொப்பியில் ஒரு மிதி மிதித்து, மரவள்ளிக்குள் இறங்கி ஓடியது. வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுப் பரமேஸ் அக்காவின் குரல் கேட்டது.

"ஐயோ, உது என்ரை புள்ளிப் பேட்டுக் கோழியெல்லே. கீரி பிடிச்சுப் போட்டுதெண்டு மூண்டு கிழமையா அழுதுகொண்டு திரியிறன். பிள்ளை, உள்ளுக்கை முட்டை கிடக்கோ எண்டு ஒருக்காப் பார்."

முட்டையும் கிடந்தது. இனப்பெருக்க ஆயத்தம் பற்றி நான் எழுதியது மட்டும் உண்மை. வேலிப் பூவரசின் கிளை வழியே ஏறி, அது சொகுசாக அடைகிடந்திருக்கிறது.

வானதி மேடம் சிரிக்கவில்லை. "இதை எழுத முதல் நீங்கள் ஏணி வைத்து ஏறிப் பார்க்கவில்லையா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

அவர் என் விண்ணப்பத்தை இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். பணம் போனால் போகட்டும். ஊரில் ஒருவரும் நம்பாத ஒரு வேலையை நம்பி இவ்வளவு தூரம் வந்தவர்களை, ஏறிப் பார்க்கப் பஞ்சிப்பட்டு ஏமாற்றியிருக்கிறேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மேடம், கூகை பாக்கத்தானே வந்தனீங்கள்" என்றது அண்ணையின் குரல். "அங்கால வாங்கோ."

அவர் எங்களைத் தோட்டத்தின் கடைசி மூலைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு மொட்டைப் பனை நின்றது. சண்டைக்காலத்தில் ஷெல் விழுந்து தலை போன மரம். நடுவில் ஒரு பொந்து. அடியில் கறுப்பாகச் சிறிய உருண்டைகள் சிதறிக் கிடந்தன. தொப்பிக்காரர் செம்மண்ணில் முழங்காலூன்றி, ஈர்க்கு ஒன்றால் ஓர் உருண்டையை உடைத்தார். உள்ளே எலி மயிரும், வெள்ளை வெளேரென்று ஒரு எலி மண்டையோடும் இருந்தன. கூகை விழுங்கிச் செரிக்காததைக் கக்கிய உருண்டை. அவர் தொப்பியைக் கழற்றினார்.

அண்ணை கதைக்கத் தொடங்கினார். அவர் அவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை.

"இதைத் தறிக்கச் சொல்லி எத்தினையோ பேர் கேட்டவை. நான் விடேல்லை. இதுகள் வந்தாப் பிறகு இந்தப் பக்கத்துக் கிழங்கிலை எலி வாய் வைக்கிறது குறைவு. இஞ்சாலை நான் மருந்தும் வைக்கிறேல்லை. மருந்து திண்ட எலியைத் திண்டா இதுவும் சாகுமெல்லோ."

இதே விடயத்தை நான் ஆறு பந்தியில், அடிக்குறிப்புகளோடு எழுதியிருந்தேன். அவர் வரம்பில் நின்று பார்த்தே அறிந்திருக்கிறார். அப்போது பொந்துக்குள்ளிருந்து இதய வடிவில் ஒரு வெள்ளை முகம் எட்டிப் பார்த்து, எங்களைப் பிடிக்காமல் உள்ளே போய்விட்டது. என் வாழ்க்கையில் நான் கண்ட முதல் கூகை அதுதான். (இதை மேடத்துக்கு நான் சொல்லவில்லை.)

"ஏன் அண்ணை எனக்குச் சொல்லேல்லை?" என்று முணுமுணுத்தேன்.

"நீ எங்கை கேட்டனி? அதோடை அம்மாக்குத் தெரிஞ்சால் அண்டைக்கே தறிப்பிச்சிருப்பா."

நான் மேடத்திடம் போய், பார்க்காமல் எழுதியது பிழை என்று நேராகச் சொன்னேன். கள ஆலோசகருக்கே அவர் கள ஆலோசகர் என்பது இன்று காலைதான் தெரியும் என்பதையும் சொன்னேன். அப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"படிவத்தைத் திரும்ப எழுதி அனுப்புங்கள். இந்த முறை அவரிடம் கேட்டு எழுதுங்கள்" என்றார்.

எழுதினோம். அண்ணை பக்கத்தில் கதிரை போட்டு இருந்துகொண்டு, "இது நீ கண்டதோ, கேட்டதோ, நினைச்சதோ?" என்று வரிக்கு வரி விசாரித்தார். பன்னிரண்டு பக்கம் நான்கு பக்கமானது. பெட்டிகள் போய்விட்டன, ஊரிலுள்ள மொட்டைப் பனைகளைத் தேடிக் கணக்கெடுத்து, தறிக்காமல் விடும்படி காணிக்காரரோடு பேசுவது என்று திட்டம் மாறியது. நிதி கிடைத்தது. அச்சுவேலியிலிருந்து உடுப்பிட்டி வரை அண்ணையின் மோட்டார் சைக்கிளில் அலைந்தோம். பட்டதாரி சொன்னால் கொட்டாவி விட்ட தோட்டக்காரர்கள், அண்ணை சொன்னால் காது கொடுத்தார்கள். பலர் மரத்தை விட்டுவைத்தார்கள். அறிக்கையின் முதற்பக்கத்தில் என் பெயருக்கு மேலே அண்ணையின் பெயர் நிற்கிறது. அதைவிடப் பெருமையான ஒரு தாளை நான் இன்னும் அச்சிடவில்லை.

அம்மாவும் மாறிவிட்டார். கூகை கத்தினால் இப்போது, "எலி அம்பிட்டிட்டுது போல" என்கிறார். ஆனால் கூகை கோழியான அந்த நாளை மட்டும் அவர் எனக்கு மறக்க விடுவதில்லை. போன மாதம் எனக்குச் சம்பந்தம் பேசத் தரகர் வந்தார். மாப்பிள்ளை கனடாவில் எஞ்சினியர், தங்கமான பெடியன், குடி வெறி ஒன்றும் இல்லை என்று அடுக்கிக்கொண்டே போனார். அம்மா தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"ஏணி வைச்சு ஏறிப் பாத்தனீங்களோ?"

தரகர் விழித்தார். குசினிக்குள் அண்ணைக்குத் தேத்தண்ணி புரையேறியது.